மழைச் சத்தம்



போயா விடுமுறையோடு சேர்ந்த ஒரு வார இறுதியில், நானும் நண்பர்கள் மூவரும் கொழும்பின் புழுக்கத்துக்கு விடைகொடுத்து, இரவு ரயிலேறி அப்புத்தளைக்குச் சென்றோம். தேயிலைச் சரிவொன்றிலே மரக்குடில் ஒன்றை இரண்டு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். முதல் இரவே மழை. தகரக் கூரையில் அது எழுப்பிய ஓசை எங்களுக்குத் தாலாட்டு.

விடியற்காலையில் தேநீர் கொண்டுவந்த காவல்காரப் பெரியவரிடம், "நல்ல மழை, என்ன சுகமான நித்திரை!" என்றார் நண்பர் ஒருவர்.

பெரியவர் கோப்பைகளை வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: "லயத்துல யாரும் தூங்கலீங்க ஐயா. மீரியபெத்தையில மண்ணு சரிஞ்சதிலயிருந்து, மழை பேஞ்சா புள்ளைங்கள மடியில வச்சுக்கிட்டு முழிச்சுத்தான் இருப்போம்."

2014 ஒக்டோபர் 29 அன்று, கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள அந்தத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியது. அந்தச் செய்தியை நாங்களும் வாசித்தவர்கள்தாம். வாசித்தோம், மறந்தும் போனோம்.

மலைநிலத்தைக் குறிஞ்சி என வகுத்த நம் முன்னோர், அங்கு வாழும் மக்களையும் கருப்பொருளில் சேர்த்தே வைத்தார்கள். மாந்தரை விட்டுவிட்டால் திணை நிறைவு பெறாது. நாங்களோ பனியையும் பச்சையையும் மட்டுமே கவிதையாக்கப் போயிருந்தோம்.

மறுநாள் இரவும் மழை. கூரையில் அதே சத்தம். கீழே லயத்தில் விளக்குகள் அணையவில்லை. அன்று நாங்கள் நால்வரும் உறங்கவில்லை.