மது பரிமாறும் மேசையில் குடும்பமா?



சுந்தரபாண்டியம், இராஜபாளையம் பகுதிகளிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகள் சிலர் ஒரு மஸ்அலா கேட்கின்றனர். தாங்களே பீர் காய்ச்சி விற்கும் விடுதிகள் அந்நகரில் 2010க்குப் பின் பெருகிவிட்டன. நல்ல உணவும் உண்டு. குடும்பங்கள் குழந்தைகளோடு வருகின்றன. "நாங்கள் குடிப்பதில்லை ஹஜ்ரத், சாப்பிட்டு வரலாமா?"

கூடாது. அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்பியவர் மது பரிமாறப்படும் உணவு விரிப்பில் அமர வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது திர்மிதீயில் பதிவாகியுள்ளது. குடிப்பவரைப் பற்றிய பேச்சல்ல இது. உடன் அமர்பவரைப் பற்றியது. பீரில் போதை குறைவு என்பதும் எடுபடாது. அதிகம் அருந்தினால் போதை தரும் பொருளில் சிறிதளவும் ஹராமே.

நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை உச்ச நீதிமன்ற உத்தரவால் 2017இல் அகற்றி, குடியிருப்புகளுக்குள் திறக்க முயன்றபோது, தமிழகமெங்கும் மத வேறுபாடின்றித் தாய்மார்கள் தெருவில் இறங்கித் தடுத்தனர். வீட்டருகே வராமல் அவர்கள் தடுத்ததை, நாம் பிள்ளையின் கைபிடித்துச் சென்று காட்டுவதா? டாஸ்மாக் கடையைக் கடக்கும்போதாவது பிள்ளை மூக்கைப் பொத்திக்கொள்கிறது! இங்கோ சிரித்து விளையாடியபடியே அதைப் பார்த்துப் பழகிவிடும்.

அலுவலக விருந்து அங்கே என்றால், மேலாளரிடம் முன்கூட்டியே பணிவாகக் காரணம் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். அங்கே பரிமாறும் வேலை கிடைத்தாலும் ஏற்காதீர்கள். மதுவின் பொருட்டுச் சபிக்கப்பட்ட பத்துப் பேரில் ஊற்றிக் கொடுப்பவரும் சுமப்பவரும் உண்டு.