தவளை கத்தினால் மழை வருமா?



இலக்கியத் தொடரிலே விஞ்ஞானத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு. கதையும் கவிதையும் வியப்பிலிருந்து பிறக்கின்றன. கேள்வியும் அதே வியப்பிலிருந்துதான் பிறக்கிறது. நம் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கும் சின்னச் சின்னக் கேள்விகளை, "இது பரீட்சைக்கு வராது, பேசாமல் இரு" என்று நாம் அடக்கிவிடுகிறோம். அவ்வாறு அடக்கப்படும் கேள்விகளில் மூன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டுக்கு உரியவை.

முதலாவது, அடுப்படிக் கேள்வி. யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்கு மாற்றலாகி வந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "அதே அரிசி, அதே பானை. இங்கே மட்டும் சோறு அவியச் சுணங்குவது ஏன்?" குளிர்தான் காரணம் என்று அயலவர்கள் சொன்னார்களாம். குளிரை விட முக்கியமான காரணம் வேறொன்று. நமக்கு மேலே உள்ள காற்றுக்கும் நிறை உண்டு. மலையில் ஏற ஏற, அந்தக் காற்றின் அமுக்கம் குறைகிறது. நீரும் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. கடல் மட்டத்தையொட்டிய யாழ்ப்பாணத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் ஏறக்குறைய 98 பாகையிலும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலும் கொதிக்கிறது. எவ்வளவு விறகை வைத்தாலும் திறந்த பானையில் நீர் விரைவாக வற்றுமே தவிர, அதற்கு மேல் சூடு ஏறாது. பானையை இறுக மூடி, உள்ளே அமுக்கத்தைக் கூட்டினால் சோறு விரைவில் அவியும். பிரஷர் குக்கர் செய்வது அதைத்தான். ஒரு வெப்பமானி இருந்தால், பாடசாலைப் பிள்ளையும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்வி, தவளையைப் பற்றியது. தவளை கத்தினால் மழை வரும் என்கிறார்களே, மெய்யா? பழமொழியில் பாதி மெய் இருக்கிறது. தவளை தோலாலும் சுவாசிக்கும் பிராணி. அந்தத் தோல் ஈரமாகவே இருக்கவேண்டும். காற்றில் ஈரம் மிகும்போது அது துணிந்து வெளியே வருகிறது. ஆண் தவளை துணையை அழைக்கிறது. ஆகவே தவளை மழையை அழைப்பதில்லை. மழைக்கு முன் வரும் ஈரமே தவளையை அழைக்கிறது.

இந்தக் குரலைப் பின்தொடர்ந்து இரவில் காடு காடாக அலைந்தவர்கள் நம் நாட்டு ஆய்வாளர்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அது தன் வாயால் பெயர் பெற்றது! இலங்கையில் அதுவரை அறியப்படாத மரத்தவளை இனங்கள் நூறளவில் இருக்கலாம் என்று 2002இல் அவர்கள் அறிவித்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. இவற்றில் பெரும்பாலானவை குளத்தில் முட்டையிடுவதில்லை. காட்டின் ஈர மண்ணிலும் இலைகளிலும் இடுகின்றன. தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல், முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவருகிறது.

கண்டியின் பெயரைத் தாங்கிய ஒரு தேரையும் உண்டு. 1872இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள். 1876க்குப் பிறகு யாரும் காணாததால், அழிந்துபோன இனங்களின் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். பின்னர் சிவனொளிபாதமலைக் காட்டிலே அது மீண்டும் காணப்பட்டதென்று 2012இல் செய்தி வந்தது. கதை அதோடு முடியவில்லை. 1998இல் புதிய இனமென்று வேறு பெயர் சூட்டப்பட்டிருந்த தேரையும் இதுவும் ஒன்றே என்று, டீ.என்.ஏ. பரிசோதனையின் துணையோடு 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. 1998இல் அந்தப் பெயரைச் சூட்டியவர்களும் அந்த ஆய்வில் பங்குகொண்டார்கள். தாம் சொன்னதைத் தாமே திருத்தும் இந்த நேர்மையை விஞ்ஞானத்தின் பெருமை என்பேன்.

ஆனால், அழிந்ததென்று நினைத்தவை எல்லாம் இப்படித் திரும்பி வருவதில்லை. நிழல் போனால் மண் காய்கிறது; மண் காய்ந்தால் முட்டை கருகுகிறது. மலைக்காட்டின் நிழலைப் பெருமளவில் முதலில் அழித்தது எது? கோப்பி. இதுவே மூன்றாவது கேள்விக்கு நம்மைக் கொண்டுசெல்கிறது: அந்தக் கோப்பி எங்கே போயிற்று? தேயிலை எப்படி வந்தது?

1869இல் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் தென்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்லி என்ற அறிஞர் அதை ஒரு புதிய பங்கசு என்று கண்டு, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். தோட்டத் துரைமார் அதை "எமிலி" என்று ஒரு பெண்ணின் பெயரால் கேலி செய்தார்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய மார்ஷல் வோர்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கு அழைக்கப்பட்டது 1880இல்தான். பசையிட்ட கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்து வந்த வித்திகளைப் பிடித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். காட்டை வெட்டி, மலைக்கு மலை ஒரே பயிரை நட்டதால், வித்தி தடையின்றிப் பறந்தது என்பதை உணர்ந்தார்.

விடை சரியானது. கேள்விதான் 11 ஆண்டுகள் பிந்திவிட்டது. தோட்டங்கள் கைவிடப்பட்டன. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. நோயை விளைவித்தவர்கள் அல்லர் நம் தொழிலாளர்கள். ஆனால் கூலி நிலுவையையும் பட்டினியையும் சுமந்தவர்கள் அவர்களே. கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை, பின்னர் அந்த மலைகளை மூடியது. அதுவும் ஒரே பயிர்தான் என்பதை மறந்துவிடவேண்டாம்.

நேயர்களே, சோறு ஏன் அவியச் சுணங்குகிறது என்று கேட்கும் பிள்ளைதான், நாளை இலையில் படிந்த தூள் என்னவென்றும் கேட்கும். அந்தப் பிள்ளை லயத்து வீட்டிலும் இருக்கலாம், நகரத்து மாடி வீட்டிலும் இருக்கலாம். விடை தெரியாவிட்டால், "வா, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். "பேசாமல் இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.