குவாண்டம் பாடமும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. இவ்வாண்டு சங்கத்தார் நம்மிடம் ஒப்படைத்த பொருள் வேறு. குவாண்டம் இயக்கவியல் என்னும் கல்லூரிப் பாடத்தைப் பற்றி, வீட்டிலுள்ளோர் அனைவரும் விளங்கிக்கொள்ளும் தமிழில் பேசவேண்டும் என்றனர். அதற்குக் காரணம் உண்டு. திருவேங்கடவன் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் 1954-ஆம் ஆண்டிலேயே இம்மலையடியில் தோன்றிவிட்டது. 2015-இல் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் திருப்பதிக்கு வந்து சேர்ந்தன. ஆகவே, "இயற்பியல் படிக்கட்டுமா அப்பா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்?" என்பதே நம் வீடுகளில் பெரும்பாலும் கிடைக்கும் விடை.

இதே வழக்கு நமக்கு முன்னரே ஒரு தமிழ்க் குடும்பத்தில் நடந்திருக்கிறது. அக்குடும்பமும் நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் சென்று வாழ்ந்ததே. இரயில்வே கணக்குத் துறையில் அலுவல் பார்த்த சி. சுப்பிரமணிய ஐயருக்கு 1910-இல் லாகூரில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அவரே பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர். குடும்பம் சென்னைக்கு வந்தபின் மாநிலக் கல்லூரியில் சேர்ந்த அவ்விளைஞர் கணிதம் பயில விழைந்தார். தந்தையாரோ, மகன் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி உயர் அதிகாரியாக வேண்டும், அதற்கு இயற்பியலே ஏற்றது என்றார். தாயார் சீதாலட்சுமி, மகன் விரும்பியதையே செய்யட்டும் என்றார். அவ்வம்மையார் இப்செனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். மகன் இரண்டையும் செய்தார்: இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் பெயரைப் பதிந்துகொண்டு, கணித வகுப்புகளிலும் போய் அமர்ந்தார்.

1928-இன் பிற்பகுதியில் ஆர்னால்டு சாமர்ஃபெல்டு என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் சென்னைக்கு வந்தார். அணுவின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய பெருநூலைச் சந்திரசேகர் தாமே கற்றுத் தேர்ந்திருந்தார். விடுதியில் சென்று கண்டார். நீ கற்றதெல்லாம் பழையதாகிவிட்டது, ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் டிராக்கும் இயற்பியலையே மாற்றிவிட்டனர் என்று அவர் கூறிவிட்டார். பதினெட்டு வயது மாணவனுக்கு இது பேரிடியாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் அப்பெரியவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகங்களில் எலெக்ட்ரான்கள் இயங்கும் வகை பற்றிய தம் புதிய கட்டுரையின் அச்சுப் பிழைதிருத்தப் படிகளைக் கொடுத்தார். குவாண்டம் இயக்கவியலில் சந்திரசேகருக்கு வாய்த்த வகுப்பறை அத்தாள்களே எனலாம். 1929-இல், இன்னும் பட்டம் பெறாத நிலையிலேயே, புதிய புள்ளியியலைப் பற்றிய அவருடைய கட்டுரை இலண்டன் இராயல் சங்கத்தின் வெளியீட்டில் அச்சேறியது.

புதிய புள்ளியியல் என்றால் என்ன? இங்கே சற்று நின்று பார்ப்போம். பாடத்தின் உயிர்நாடிகளுள் ஒன்று இது.

இரண்டு உண்டியல்கள், இரண்டு காசுகள் என்று கொள்வோம். எத்தனை விதமாகப் போடலாம்? இரண்டும் முதல் உண்டியலில், இரண்டும் இரண்டாவதில், இந்தக் காசு இங்கே, அது அங்கே, அது இங்கே, இது அங்கே. ஆக நான்கு வகை. கண்ணை மூடிக்கொண்டு போட்டால், இரண்டும் ஒரே உண்டியலில் விழுவதற்கு நான்கில் இரண்டு, அதாவது பாதி வாய்ப்பு. இது நம் வீட்டுக் கணக்கு.

ஒளித்துகள்களுக்கு இக்கணக்குப் பொருந்துவதில்லை. டாக்காவில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திரநாத் போஸ் 1924-இல் வேறு விதமாக எண்ணினார். ஒன்றையொன்று மாற்றி வைத்தாலும் அவருக்கு அது ஒரே வகைதான். எனவே வகைகள் மூன்றே. ஒன்றாய் விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டாக உயர்கிறது. அவ்வாறு எண்ணியபோது, 1900-இல் பிளாங்க் கண்ட வெப்பக் கதிர்வீச்சு விதி பழுதின்றி வந்து நின்றது. எலெக்ட்ரான்களோ இன்னும் கடுமையானவை. ஓர் இடத்தில் இரண்டு ஒருபோதும் அமர்வதில்லை என்று பௌலி 1925-இல் கண்டார். ஆகவே அவற்றுக்கு ஒரே வகைதான் உண்டு: இங்கொன்று, அங்கொன்று. ஒன்றாய் விழும் வாய்ப்பு சுழி. ஃபெர்மியும் டிராக்கும் 1926-இல் தனித்தனியே இதைக் கணக்காக வகுத்தனர்.

"நம் கண்ணுக்கு வேறுபாடு தெரியாததால்தானே இப்படி எண்ணுகிறோம்?" என்று கூர்மையான மாணவன் கேட்பான். கேட்கவும் வேண்டும். பார்வையற்ற ஒருவர் போட்டாலும் காசுகள் நான்கு வகையாகவே விழும். அவர் காணாமையால் காசின் கணக்கு மாறுவதில்லை. எலெக்ட்ரான்களில் "இது, அது" என்னும் வேறுபாடு இயற்கையிலேயே இல்லை. அறியாமை நம்முடையதன்று. இவ்வொரு செய்தியை மாணவன் உள்ளத்தில் வாங்கிக்கொண்டால், பாதிப் பாடம் அவனுக்கு வசப்பட்டதென்போம்.

இதனால் விளைவது யாது? அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,500-க்கு மேற்பட்ட படிகள் உள்ளன. ஒரு படியில் இருவருக்கு மேல் நிற்கலாகாது என்று விதித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே நிற்கவே எல்லோருக்கும் ஆசை. ஆயினும் பிந்தி வருவோர் மேற்படிகளுக்கு ஏறித்தானே ஆகவேண்டும்? எலெக்ட்ரான்களும் ஆற்றல் படிகளில் இவ்வாறே இரண்டிரண்டாக ஏறி நிற்கின்றன. ஏற ஏற வேகம் மிகுகிறது. எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய விண்மீன் தன் எடையாலேயே நொறுங்காமல் நிற்பது இவ்வேகம் தரும் அழுத்தத்தால்தான் என்று ஃபவுலர் 1926-இல் காட்டினார். விண்மீன் சுருங்கச் சுருங்கப் படிகள் செங்குத்தாகின்றன. மேலே நிற்பவை ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன.

1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறிய சந்திரசேகர், கடற்பயணத்தில் அந்த உயர்வேகத்திற்குச் சார்பியலைச் சேர்த்துக் கணக்கிட்டார். விண்மீனின் எடை ஓர் எல்லையைக் கடந்தால் அவ்வழுத்தம் தாங்காது என்று விடை வந்தது. அவ்வெல்லை இன்று கதிரவனின் எடையில் ஏறத்தாழ 1.4 மடங்கு எனக் கொள்ளப்படுகிறது. எடிங்டன் போன்ற பெரியோர் அதை ஏற்கவில்லை. நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது. அப்பயணத்தின்போது தாயார் நோயுற்றிருந்தார். போய் வா என்று அனுப்பியவரும் அவரே. மகன் திரும்புவதற்கு முன், 1931-இல் மறைந்துவிட்டார்.

நம் பிள்ளைகள் அச்சுப் படிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாத்யூஸ், வெங்கடேசன் ஆகியோரின் பாடநூல் 1976 முதல் மாணவர் கையில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த பாலகிருஷ்ணனின் வகுப்புகளை இணையத்தில் காசின்றிக் கேட்கலாம். குறை வேறிடத்தில் இருக்கிறது. பி.எஸ்ஸி. இறுதியாண்டில் இப்பாடம் வரும்போது பலர் திணறுவது, இப்பொருளின் விந்தையாலன்று. கலப்பெண், அணிக்கோவை, வகைக்கெழுச் சமன்பாடு ஆகியவற்றை முதலிரண்டு ஆண்டுகளில் தேர்வுக்கு மட்டும் படித்து மறந்திருப்பார்கள். பிறகு நீரக அணுவின் கணக்கைப் பக்கம் பக்கமாக நெட்டுருச் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். இரண்டு காசு, இரண்டு உண்டியல் என்று கேட்டால் விழிப்பார்கள். இப்பாடத்தில் படம் வரைந்து காட்டி முடித்துவிட இயலாது. கணக்கை நம்பி நடக்கும் துணிவும் பொறுமையும் வேண்டும். மொழியும் ஒரு சுமைதான். வகுப்பில் ஆங்கிலம், தெருவில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று வளரும் பிள்ளை, தான் கற்றதைத் தாயிடம் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்தால், எங்கே விளங்கவில்லை என்பது அவனுக்கே தெரிந்துவிடும். தாய்க்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, "ஏன்?" என்று கேட்டால் போதும்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் நூலகத்தில் நாவல்களுக்குப் பக்கத்தில் இப்பாடநூலின் இரண்டு படிகளையும், கணித நூல்கள் சிலவற்றையும் வாங்கி வைக்கலாம். ஞாயிறு மாலைகளில் கல்லூரிப் பிள்ளைகள் கூடித் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஓர் அறை ஒதுக்கலாம். நாற்காலிகள் இருக்கின்றன. கரும்பலகை ஒன்றுதான் வாங்கவேண்டும்.