ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது?

(கொல்லிமலை செம்மேட்டில் வாகன உரிமையாளர்கள், ஓட்டுநர்களுக்காக நடந்த நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டத்தில், செய்தித் துறையின் உள்ளடக்க எழுத்தாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

காரவள்ளியிலிருந்து மேலே வரும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எது குறுகலானது, எதில் பஸ் திரும்ப இடம் விட வேண்டும் என்று உங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் 23-வது வளைவை மட்டும் மறக்க மாட்டேன். அங்கே நடந்ததைச் சொல்லிவிட்டு, பிறகு சட்டத்துக்கு வருகிறேன்.

ஒரு ஆடி மாதம் அறப்பளீசுவரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தோம். அப்பா வண்டி ஓட்டினார். பின் சீட்டில் அம்மாவும் பாட்டியும். வண்டி வாங்கி 14 மாதம்தான் ஆகியிருந்தது. கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. முழங்கால் வலிக்கு நல்லது என்று, கடன் போட்டு அப்பா ஆசையாக வாங்கியது.

மேலேயிருந்து பஸ் வந்ததால் அந்த வளைவில் நின்றோம். பஸ் போனதும் அப்பா பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார. என்ஜின் உறுமுது, வண்டி நகரல. மீட்டரில் கியர் எண் அணைந்து, 'என்' என்று நியூட்ரல் எழுத்து மின்னியது. அடுத்த நொடி வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. அப்பா பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துவிட்டார். பின்னால் வந்த ஜீப்காரர் இறங்கி ஓடி வந்து, "தம்பி, கல்லை எடுத்துப் பின் டயருக்கு வை, சீக்கிரம்!" என்றார். வைத்தோம். அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி மலை ஏறியது.

ஊர் திரும்பியதும் ஷோரூமுக்குப் போனோம். வாரன்டி இருக்கிறதே, பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. பைபாஸ் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "சார், வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். இரண்டாவது முறை போனபோது சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள். மூன்றாவது முறை, "கிளட்ச் தேஞ்சிருக்கு சார். அது தேய்மானப் பொருள், வாரன்டில வராது. நீங்க ஓட்டுற விதம்தான் காரணம்" என்றார்கள். "அதையே எழுதிக் கொடுங்க" என்று அப்பா கேட்டார். "அப்படியெல்லாம் குடுக்கிறதில்லைங்க சார்" என்று பதில் வந்தது.

அன்று இரவு மூன்று முறைக்குமான ஜாப் கார்டுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் தாளில் 'ஜெனரல் செக்கப்'. இரண்டாவதில் 'சாஃப்ட்வேர் அப்டேட்'. மூன்றாவதில் 'கிளட்ச் செக்'. கொல்லிமலை என்ற சொல் மூன்றிலும் இல்லை. வண்டி பின்னால் உருண்டது, கியர் நியூட்ரலுக்குப் போனது, எதுவுமே இல்லை. அந்தத் தாள்களை மட்டும் படிக்கிற ஒருவருக்கு எங்கள் வண்டியில் எந்தக் கோளாறும் இருந்ததாகத் தெரியாது. மூன்றிலும் கீழே அப்பாவின் கையெழுத்து இருந்தது.

மக்கள் சேவை பற்றிக் கட்டுரை எழுதுவது என் வேலை. 'விண்ணப்பித்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். என் வீட்டு வண்டிக்கு அது தோன்றவில்லை. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்தேன்.

முதலில், இந்தக் கோளாறு ஏன் மலையில் மட்டும் வருகிறது? விலை குறைந்த ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் உள்ளே இருப்பது சாதாரண கியர் பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும்தான். நம் இடது காலும் கையும் செய்கிற வேலையை ஆக்சுவேட்டர் என்ற கருவியும் ஒரு சிறு கம்ப்யூட்டரும் செய்கின்றன. இதை ஏ.எம்.டி. என்கிறார்கள். மேட்டில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால், கிளட்ச் பாதி பிடித்தபடி உரசிக்கொண்டே இருக்கும். சூடாகும், கருகும். ஆக்சுவேட்டரில் கோளாறு இருந்தாலும், சூடும் சுமையும் சேரும்போது அது வெளிப்படலாம். சமதரையில், காலி வண்டியில், பத்து நிமிட ஓட்டத்தில் இது எதுவும் தெரியாமல் போகலாம். மலையில் வருகிற காய்ச்சலை பைபாஸில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியும்?

ஆகவே, வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது ஐந்து விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையில் புகாரை எழுதச் சொல்லுங்கள். 'கியர் பிராப்ளம்' என்றால் போதாது. 'கொல்லிமலைச் சாலையில், நான்கு பேருடன், மேட்டில் நின்று எடுக்கும்போது கியர் நியூட்ரலுக்குப் போய் வண்டி பின்னால் உருண்டது' என்று இருக்க வேண்டும். தேதியும் ஓடிய கிலோமீட்டரும் அவசியம். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ கியர் எண் மின்னினாலோ, வண்டியைப் பத்திரமாக நிறுத்திய பிறகு போனில் வீடியோ எடுங்கள். ஓட்டிக்கொண்டே எடுக்க வேண்டாம்.

மூன்று, கோளாறு எங்கே வருகிறதோ அங்கேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள். வர மறுத்தால், மறுத்ததையும் குறித்து மின்னஞ்சல் அனுப்புங்கள்.

நான்கு, 'கோளாறு இல்லை' என்றாலும் 'வாரன்டி கிடையாது' என்றாலும், காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால், 'இன்று இந்த நேரத்தில் இப்படிச் சொன்னீர்கள்' என்று நீங்களே ஷோரூமுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் அன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள். அது உங்கள் கையில் ஒரு ஆவணம்.

ஐந்து, வாரன்டி இருக்கும்வரை கியர் பாக்ஸை வெளியில் பிரிக்காதீர்கள். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனால், 'வெளியே பிரிச்சிருக்கீங்க' என்று கைகழுவ நாமே ஒரு காரணம் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

இவ்வளவு செய்தும் பதில் இல்லை என்றால்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே சொல்லலாம். அது நீதிமன்றம் அல்ல. புகாரைப் பதிவு செய்து, நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும் அமைப்பு. ஷோரூம் கவுன்ட்டரில் தேங்கி நிற்கிற பல புகார்கள் தலைமை அலுவலகத்தின் கண்ணில் படுவதற்கு இதுவே போதும்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். மலையில் இருக்கும் உங்களுக்கு அதில் ஒரு முக்கியமான மாற்றம் இருக்கிறது. முன்பெல்லாம் எதிர்த்தரப்பு எங்கே இருக்கிறதோ, பிரச்சினை எங்கே எழுந்ததோ அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டும். இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வண்டியைச் சேலத்தில் வாங்கியிருந்தாலும் கோயம்புத்தூரில் வாங்கியிருந்தாலும், கொல்லிமலைக்காரர் நாமக்கல்லில் வழக்குத் தொடரலாம். இணையவழியிலும் மனு கொடுக்கலாம். காணொலி மூலம் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். 'அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம் சார்' என்ற பேச்சிலேயே இந்த 2 ஆண்டு ஓடிவிடும், ஜாக்கிரதை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்துக்குள், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்துக்குள், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகவும் ஆகலாம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகிவிடும்.

இங்கே ஜீப், வேன் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். "நாங்க வாடகைக்கு ஓட்டுறோம், எங்களுக்கு இது செல்லுமா?" என்று கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. வணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பது பொது விதி. ஆனால் சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழில் செய்ய மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால், அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. ஒரு வண்டி வாங்கி, தானே ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர் நுகர்வோர்தான். மிளகையும் அன்னாசியையும் இறக்குகிற வண்டி ஒரு வாரம் ஷோரூமில் நின்றால் அடுப்பு எரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருமான இழப்பையும் மனுவில் கேட்கலாம். கேட்பதற்குக் கணக்கு வேண்டும். ஆகவே தினசரி வரவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எதைக் கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். கோபத்தில் எல்லோரும் 'புது வண்டி கொடு' என்போம். ஜம்மு காஷ்மீரில் ஒருவர் வாங்கிய மாருதி வண்டி தொடர்பான வழக்கில், 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாரன்டியின்படி நிறுவனத்தின் கடமை, பழுதான பாகத்தைச் சரி செய்வது அல்லது மாற்றித் தருவது. முழு வண்டியையும் மாற்றித் தரச் சொன்னது சரியல்ல என்றது. அதே சமயம், அவர் அலைந்த அலைச்சலுக்குப் பணம் கொடுக்கவும் சொன்னது. தயாரிப்பிலேயே குறை என்று நிரூபிக்க வேண்டுமானால் பொதுவாக நிபுணர் அறிக்கை தேவைப்படும். பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் கேட்கலாம்.

சரி, எங்கள் வண்டி என்ன ஆயிற்று? மூன்று ஜாப் கார்டு, நடந்ததைத் தேதி வாரியாக எழுதிய ஒரு பக்கக் கடிதம், இரண்டாம் முறை இதே மலையில் நின்றபோது எடுத்த வீடியோ, எல்லாவற்றையும் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். 1915-இலும் பதிவு செய்தோம். சில நாட்களில் நிறுவனத்திலிருந்தே ஒரு டெக்னீஷியன் வந்தார். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலை ஏறினோம். மேட்டில் நின்று எடுக்கும்போது மறுபடியும் அதே 'என்' எழுத்து மின்னியது. அவர் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்சுவேட்டர்ல கோளாறு இருக்குங்க சார், மாத்தித் தர்றோம்" என்றார். காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரித்துப் பார்த்தபோது கிளட்ச் பிளேட்டின் ஓரம் கருகியிருந்தது. அப்பாவுக்கு மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கிற பழக்கம். அதை அவரே ஒப்புக்கொண்டார். பிளேட்டுக்கான பணத்தை நாங்கள்தான் கட்டினோம். ஷோரூம்காரர் சொன்னதில் பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பார்க்க அவர்கள் மலை ஏற வேண்டியிருந்தது.

ஆகவே நம் பக்கமும் சரியாக இருக்கட்டும். மேட்டில் நின்றால் பிரேக் பிடியுங்கள். ஏற்றத்தில் மேனுவல் மோடுக்கு மாறி, கீழ் கியரில் ஏறுங்கள். இறங்கும்போதும் கீழ் கியரிலேயே இறங்குங்கள். ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். அது பாதி மேட்டில் நிற்க நேராமல் இருப்பதே பெரிய உதவி. சர்வீஸ் பில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

அன்றைக்கு அந்த ஜீப்காரர் கல் எடுத்து வைக்கச் சொல்லாமல் இருந்திருந்தால், பாட்டியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்திருப்போமோ தெரியாது. அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கூட்டத்தில் அவர் இருந்தால், நன்றி அண்ணே. மற்ற எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குப் போனதும் வண்டியின் கடைசி ஜாப் கார்டை எடுத்துப் படித்துப் பாருங்கள். நீங்கள் சொன்னது அதில் இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த முறை எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.