ஊர்ப்பள்ளி முடிந்த பிறகு

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் ஓய்வுபெற்ற உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்குகிற நாள் இது. பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டேன். இனி நான் பேசப்போவது பெற்றோர்களிடம். உங்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்கிறேன்.

அது ராமநாதபுரத்தில் இருக்கும் ஸ்வார்ட்ஸ் பள்ளி. 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரியும் வரை நம் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அதனால் அது நமக்கு அந்நியமான பள்ளி அல்ல. ஸ்வார்ட்ஸ் என்பவர் ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் உருவாகக் காரணமாக இருந்தவர். பாதிரியார் பெயரில் இருந்தாலும், சுற்றுவட்டாரத்தில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் வந்து படித்த பள்ளி அது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பையன் அங்கே படிக்க வந்தான். வயது பதினான்கு இருக்கலாம். அத்தா பெயர் ஜைனுலாப்தீன், அம்மா பெயர் ஆஷியம்மா. வசதியான குடும்பம் இல்லை. போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளைத் தள்ளிவிடுவார்கள். அவற்றை எடுத்துக்கொடுத்து அந்தப் பையன் தன் முதல் சம்பளத்தை வாங்கியிருந்தான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். கையில் காசு பார்த்துவிட்ட பையன். ஊரில் படிக்க வேண்டியதைப் படித்துவிட்டான். இதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கடல் தாண்டி வெளியூர் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். அம்மாவுக்கு அனுப்ப மனசு வரவில்லை. அத்தாதான், பிள்ளைகள் நமக்குச் சொந்தமானவர்கள் இல்லை, வளர வேண்டுமென்றால் போகத்தான் வேண்டும் என்று எடுத்துச்சொன்னார். பிறகு பள்ளிவாசலுக்கு அழைத்துப்போய் ஃபாத்திஹா ஓதி, ரயிலேற்றி அனுப்பிவைத்தார். அக்காள் கணவர் ஜலாலுதீனும் உறவினர் சம்சுதீனும் கூடவே போய்ப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்தார்கள்.

அங்கே போன பையன் உடனே சந்தோஷமாக இருந்துவிடவில்லை. வீட்டு நினைப்பு. அம்மா சுடும் போளி நினைப்பு. லீவு கிடைத்தால் ஊருக்கு ஓடிவந்துவிடுவான். ஒரு நாள் தெரியாமல் வேறு வகுப்புக்குள் நுழைந்துவிட்டான். கணக்கு வாத்தியார் ராமகிருஷ்ண ஐயர் கழுத்தைப் பிடித்து எல்லார் முன்னாலும் பிரம்பால் அடித்தார். சில மாதம் கழித்து அதே பையன் கணக்கில் முழு மார்க் வாங்கியபோது, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் முழுப் பள்ளிக்கும் அவனைப் பாராட்டிப் பேசியவரும் அவர்தான். அய்யாத்துரை சாலமன் என்ற ஆசிரியர், நீ நினைத்தால் உன் தலையெழுத்தை நீயே மாற்றலாம் என்று தைரியம் கொடுத்து வளர்த்தார்.

பிற்பாடு சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். அத்தாவிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்காள் ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

அந்தப் பையன் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். அவருடைய மூளையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நான் அந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறேன். ஊர்ப்பள்ளி முடிந்த அன்றைக்கு, "போதும்" என்று அந்த வீடு சொல்லவில்லை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பையன் பத்தாவது முடித்ததும் மில் வேலை, சத்திரப்பட்டி பேண்டேஜ் தறி, கடை வேலை, பாஸ்போர்ட் என்று பேச்சு ஆரம்பிக்கிறது. பெண் பிள்ளை என்றால், மேல்நிலைப்பள்ளிக்கு பஸ் ஏற வேண்டுமே என்ற கவலை. கவலை நியாயமானதுதான். அதற்காகப் படிப்பை நிறுத்துவதுதான் சரியில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மார்க். மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் அத்தா வந்தபோது, மேல்நிலைப்பள்ளியில் சேர்க்கத்தான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். "எங்கே சேர்க்கப் போகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். "சார், நீங்க வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பெற்றோர்களிடம் இன்று இவ்வளவு பேசுவதற்குக் காரணம் அதுதான்.

கணக்கும் பார்ப்போம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு உண்டு. அப்படிப் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்கும் 2024இல் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்துவிட்டது. 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. பத்தோடு நிறுத்திய பிள்ளைக்கு இந்தக் கல்லூரிக் கதவுகள் எதுவும் திறக்காது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பஸ் பயணம்தான் தயக்கம் என்றால், ஒரே தெருவிலிருந்து நாலைந்து பெண் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிய கையோடு அடுத்த பள்ளியில் சேர்த்துவிடுங்கள்; "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றால் அந்த வருஷம் வராது. பணம் தடையாக இருந்தால் கூச்சப்படாமல் அறக்கட்டளையிடம் சொல்லுங்கள். ஜொஹரா அக்காள் அடகு வைத்த வளையலின் இடத்தில் நிற்பதற்காகத்தான் இந்த அறக்கட்டளை இருக்கிறது.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த வருஷம் பத்தாவது முடித்த நம் பிள்ளைகளின் பட்டியல் நிர்வாகிகளிடம் உள்ளது. அந்த வீடுகளுக்கு நான் வருவேன். அதட்டுவதற்கு அல்ல, அன்று சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு. ஒரு டீ மட்டும் கொடுங்கள், போதும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.