செவ்வாய்க்கிழமை வண்டி

போன பகுதியைக் கேட்டுவிட்டு ஒரு சகோதரி வாட்ஸப்பில் கேட்டிருந்தாங்க: "எனக்குப் பாட வராது, பிரசங்கமும் வராது. நான் எப்படி ஊழியம் செய்யறது?" இன்னைக்கு அதையே எடுத்துக்குவோம்.

முதல்ல அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்க்கணும். இன்னைக்கு நம்ம சபைகள்ல ஊழியக்காரர்னா யாரு? மைக் பிடிக்கிறவர். கன்வென்ஷன் போஸ்டர்ல கோட்டு போட்டுக்கிட்டுச் சிரிக்கிறவர். ஆனா இந்தச் சொல்லோட பழைய வாழ்க்கை வேற மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் 'ஊழியம்' என்றால், கூலியே இல்லாமல் ஏழைச் சாதிகளிடம் கட்டாயப்படுத்தி வாங்கிய வேலை. சர்க்கார் சொன்னால் சுமை தூக்கணும், முடியாதுன்னு சொல்ல வழியில்லை. அங்கிருந்த மிஷனரிமார் அதை எதிர்த்தார்கள். முதுகு வளைஞ்சவனோட சொல் அது. மேடை ஏறினது பின்னாடிதான்.

ஆண்டவர் சீஷர்களோட காலைக் கழுவினதும் அப்படிப்பட்ட வேலைதான். அந்தக் காலத்து வீடுகள்ல அது அடிமை செய்யறது. நம்ம கரிசக்காட்டு ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழை பேஞ்ச மறுநாள் காட்டுக்குள்ள போயிட்டு வந்தா, காலு ரெண்டும் என்ன கனம் கனக்கும்! குச்சி வச்சுச் சுரண்டினாத்தான் அந்த மண்ணு விடும்.

சரி, நான் பார்க்கிற ஒரு வேலையைச் சொல்றேன். நான் ரிட்டையர்டு வாத்தியார். நாங்க நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு நண்பரோட பழைய ஆம்னி வேன்ல, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்கள்ல இருந்து டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்களை ஏத்திக்கிட்டுப் போய் வர்றோம். செவ்வாயும் வெள்ளியும். காப்பீட்டுத் திட்டத்துல சிகிச்சைக்குக் காசு இல்லை. போயிட்டு வர்றதுதான் பாடு. மெயின் ரோட்டுக்கு நடக்கணும், பஸ்ஸுக்கு நிக்கணும். மெஷின்ல நாலு மணி நேரம் படுத்துட்டு எழுந்தா பிரஷர் இறங்கி, தலை சுத்தும். தனியா அனுப்ப முடியாது. கூட ஒருத்தர் போனா அவருக்கு அன்னைக்குக் கூலி போச்சு. வாரத்துக்கு ரெண்டு கூலி போனா அந்த வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? பல வீட்டுல மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கான். கிழவனும் கிழவியுமா ரெண்டு பேர்தான் ஊர்ல.

இதுல ஒரு கொடுமை இருக்கு. வாழ்நாள் பூரா கண்மாய்ல தண்ணி வருமா, ஊருணி நிறையுமான்னு வானத்தைப் பார்த்த சனம் இது. இப்ப டாக்டர், "ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கணும்"னு தண்ணியை அளந்து கொடுக்கச் சொல்றார். சித்திரை வெயில்ல அந்த டம்ளரைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க. நாம என்ன பேசறது? பக்கத்துல சும்மா உட்கார்ந்திருப்போம். பல நாள் அதுதான் மொத்த ஊழியமும்.

இப்படிப் போய்க்கிட்டிருக்கும்போது ஒரு நாள், ஒரு பெரியவரோட சம்சாரம் வண்டியிலேயே நேரா என்னைக் கேட்டாங்க: "ஏன் வாத்தியாரே, எங்களை வேதத்துல சேக்கத்தான் இம்புட்டும் பண்றீகளா?"

வண்டிக்குள்ள ஒரே அமைதி. அந்த ஆத்தா கேட்டதுல தப்பே கிடையாது. அந்தக் கேள்விக்குப் பின்னாடி நூத்தம்பது வருஷம் இருக்கு. 1876ல மழை பொய்த்து, தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்துல லட்சக்கணக்கானவங்க செத்தாங்க. நிவாரண வேலைக்கு வந்தவங்களுக்குக் கூலியை ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும்னு குறைச்சார். ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோ கூட இல்லை. மண்ணு வெட்டறவனுக்கு இது பத்தாதுன்னு டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். நம்ம பக்கத்துல மண்டபசாலையில அதுக்கு முன்னாலேயே அமெரிக்கன் மதுரை மிஷன் இருந்தது. தெற்கே திருநெல்வேலிச் சீமையில பஞ்சத்தை ஒட்டி ஆயிரக்கணக்கானவங்க சபையில சேர்ந்தாங்க. கஞ்சிக்காகச் சேர்ந்தவங்கன்னு ஒரு ஏச்சு அப்பவே இருந்தது. 'அரிசிக் கிறிஸ்தவர்' என்றே சொன்னார்கள். பசிச்சவங்களைப் பார்த்து அப்படிச் சொன்னதுல எனக்கு உடன்பாடில்லை. ஆனா கொடுத்தவங்களைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கலாம். கேட்கத்தான் வேணும்.

அதே பஞ்சத்துல தெலுங்கு நாட்டுல, ஓங்கோல்ல, ஜான் க்ளஃப் என்று ஒரு பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். சர்வே வேலை தெரிஞ்சவர். பக்கிங்காம் கால்வாய்ல சுமார் மூன்றரை மைல் வெட்டற காண்டிராக்டை எடுத்து, சனங்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். வேலைக்கு வந்தவங்க ஞானஸ்நானம் கேட்டாங்க. அவர் கொடுக்கலை! நிவாரணம் நடக்கிற வரைக்கும் கிடையாதுன்னு, ஒரு வருஷத்துக்கு மேல நிறுத்தி வச்சார். அதுக்கப்புறம்தான், 1878 ஜூலை 3ஆம் தேதி, ஒரே நாள்ல 2,222 பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க. எல்லாரும் அந்த எண்ணைத்தான் சொல்வாங்க. எனக்கு அந்த எண்ணைவிட அவர் மறுத்த அந்த மாதங்கள்தான் பெரிசாப் படுது. ஒரு மிஷனரிக்கு அது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்!

அன்னைக்கு நான் அந்த ஆத்தாகிட்ட சொன்னது இதுதான்: "நான் யாரை நம்புறேன்னு நீங்க கேட்டா மறைக்காமச் சொல்வேன். கேக்கலைன்னாலும் செவ்வாய்க்கிழமை வண்டி வரும்." "அப்பச் சரி"ன்னாங்க. மழைக்காலத்துல ஒரு நாள் மஞ்சப்பை நிறைய அதலைக்காய் கொண்டாந்து கொடுத்தாங்க. நம்ம கரிசல்ல விளையற ருசி அது, வெளியூர்க்காரங்க பொறுத்துக்கணும்.

இப்ப இன்னொரு பக்கம். பெட்ரோல் செலவுக்காக ஒரு கூட்டத்துல உதவி கேட்டப்போ ஒரு பெரியவர், "இதுவரைக்கும் எத்தனை ஆத்துமா வந்திருக்கு?"ன்னு கேட்டார். ஒண்ணும் வரலைன்னேன். அவர் முகம் வாடிப்போச்சு. அவர் நல்ல மனுஷன்தான், கர்த்தருக்காக வைராக்கியம் உள்ளவர். ஆனா நல்ல சமாரியன் கதையைத் திரும்ப ஒரு தடவை பாருங்க. அவன் என்ன செஞ்சான்? காயத்துக்கு மருந்து போட்டான், தன் மிருகத்து மேல ஏத்தினான், சத்திரத்துக்குக் கூட்டிட்டுப் போனான், ராத்திரி கூட இருந்தான், பாக்கியையும் தான் தர்றேன்னான். அடிபட்டவன் பின்னாடி சமாரியனோட கோயிலுக்குப் போனானா? கதையில இல்லை. ஆண்டவருக்கு அதைச் சொல்லணும்னே தோணலை.

நம்ம திருச்சுழியையே எடுத்துக்குங்க. பஞ்சம் முடிஞ்ச கையோட, 1879 டிசம்பர்ல அங்கே வேங்கடராமன்னு ஒரு பிள்ளை பிறந்தது. மதுரையில அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல்ல படிச்சது. 1896ல வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷி ஆனார். அவர் கிறிஸ்தவர் ஆகலை. அதனால அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரோட ஊழியம் வீணாப்போச்சா? நானும் வாத்தியாரா இருந்தவன், எனக்கு அப்படித் தோணலை.

அந்த ஆத்தா போன மாசம் திருமேனிநாதர் கோயில்ல, வண்டி ஓட்டற தம்பி பேருக்கு விளக்குப் போட்டதாச் சொன்னாங்க. அதை எப்படி ஏத்துக்கலாம்னு எங்க ஆளுங்களே ரெண்டு பேர் சங்கடப்பட்டாங்க. அந்தத் தம்பி, "எனக்காக ஒருத்தர் வேண்டிக்கிட்டிருக்காங்க, நன்றி ஆத்தான்னு சொன்னேன்"னான். நான் அதுக்கு மேல ஒண்ணும் பேசலை.

சகோதரி, உங்க கேள்விக்கு வர்றேன். உங்க தெருவுல ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போறவங்க யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு நாளைக்குக் கூடப் போங்க. ஃபைலை வாங்கி வச்சுக்குங்க, மாத்திரைக் கவுன்டர்ல அவங்களுக்குப் பதிலா வரிசையில நில்லுங்க. பைபிளைப் பையில வச்சுக்குங்க, அவங்க கேட்டா எடுங்க.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு விஷயம். வண்டி ஓட்டற தம்பிக்குக் கல்யாணம், அடுத்த ரெண்டு வாரம் வர மாட்டான். லைசென்ஸ் உள்ளவங்க ஒருத்தர் வேணும். காலையில ஆறேகாலுக்குக் கிளம்பணும், மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள திரும்பிடலாம். எந்த மதம்னு கேட்க மாட்டோம். கொஞ்சம் மெதுவா ஓட்டணும், அவ்வளவுதான். பள்ளத்துல குலுங்கினா ஊசி போட்ட கை வலிக்கும்.