நாடகத்துக்கு ஊர் கூட்டிச் செல்லுதல்

பொழுதுபோக்கு என்றதும் தபால் முத்திரை சேர்ப்பதும், பூந்தோட்டம் வைப்பதும், புகைப்படம் எடுப்பதுமே பலருக்கு நினைவில் எழும். இவையெல்லாம் ஒருவர் தனித்திருந்து செய்யக்கூடியவை. இவற்றின் வரிசையில் வைத்து எண்ணப்படாத பொழுதுபோக்கு ஒன்று உண்டு. அதற்கு இன்னும் பெயர்கூட ஏற்படவில்லை. பக்கத்து ஊரிலே இசை நாடகம் நடக்கப் போகிறது என்ற செய்தி காதில் விழுந்தவுடன் ஒருவர் கொப்பியொன்றை எடுத்துப் பெயர் எழுதத் தொடங்குகின்றார். யார் யார் வருகின்றார்கள், எத்தனை வண்டி வேண்டும், தலைக்கு எவ்வளவு காசு, நடக்கமாட்டாத ஆச்சியை ஏற்றி இறக்குவது யார் என்பனவெல்லாம் அவருடைய கவலைகள். அவர் பாடகருமல்லர், நடிகருமல்லர், கொட்டகை முதலாளியுமல்லர். ஒரு சதமும் அவருக்கு மிஞ்சுவதில்லை. ஆயினும் அடுத்த நாடகச் செய்தி வந்ததும் அதே கொப்பியைத் தேடுகின்றார்.

யாழ்ப்பாணத்தில் இசை நாடகம் வேரூன்றிய வரலாறே ஒரு பயணத்தின் வரலாறுதான். பார்ஸி நாடகக் குழுக்களின் வண்ணத் திரைகளும் ஆர்மோனியமும் தமிழகத்தை எட்டியபின் அங்கே புதியதொரு மேடை உருவாயிற்று. அம்மேடைக்கு வேண்டிய பாடல்களையும் உரையாடல்களையும் அள்ளிக் கொடுத்தவர் 1922ஆம் ஆண்டில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலியன அவர் எழுத்தினால் நிலைபெற்றவை. இந்நாடகங்களைச் சுமந்துகொண்டு தமிழகக் குழுக்கள் கடல் கடந்து இங்கே வந்தன. 1905இல் காங்கேசன்துறை வரையில் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. ஆட்களோடு உடுப்புப் பெட்டிகளையும் சுருட்டிய திரைகளையும் கொண்டு திரிய வேண்டிய குழுக்களுக்கு இவை எத்துணை வசதி என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது கொழும்பிலேதான். 1926ஆம் ஆண்டளவில் இது நிகழ்ந்தது. மேடையில் இணைந்த அவ்விருவரும் பின்னர் வாழ்க்கையிலும் இணைந்தனர். 1933இல் தமது 27ஆம் வயதிலே கிட்டப்பா காலமானார். அதற்கு இரண்டாண்டு முன்னரே தமிழ் பேசும் படம் வந்துவிட்டது. நாடகக் குழுக்கள் வந்த வழியால் படச் சுருள்கள் வரலாயின. எனினும், அதற்குள் இங்குள்ள கலைஞர்கள் அக்கலையைக் கற்றுத் தமதாக்கிக்கொண்டனர். கொட்டகைக் கூத்து என்ற பெயரில் அது ஊர் ஊராகச் சென்றது. நடிகமணி வி. வி. வைரமுத்து காங்கேசன்துறையிலிருந்து தமது வசந்த கான சபாவைக் கொண்டு செல்லாத ஊர் வடக்கிலே அருமை எனலாம். அவருடைய ‘மயான காண்டம்’ 3000 தடவைக்கு மேல் மேடையேறியது என்பர்.

ஒரே நாடகத்தை இத்தனை தடவை மக்கள் ஏன் பார்த்தனர்? கதை தெரியாமலா? அரிச்சந்திரனுடைய கதை தெரியாத வீடு அந்நாளில் இல்லை. பார்ப்பவர் கூட்டத்துக்கு ஏற்ப அந்த நாடகம் ஒவ்வோரிரவும் வேறொன்றாக ஆனமையே காரணம். ஸ்பெஷல் நாடகம் எனப்பட்ட வகையிலே வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையிலேயே சந்தித்துக்கொள்வார்கள். நாரதரும் வள்ளியும் தர்க்கம் தொடங்கினால் அது கால்மணி நேரத்தில் முடியுமா, ஒன்றரை மணி நேரம் நீளுமா என்பது முன்னாலிருப்பவர்கள் கையிலேயே தங்கியிருக்கும். விருத்தத்தின் இழைவுக்குத் தலையசைக்கத் தெரிந்த பத்துப்பேர் முன்வரிசையில் இருந்துவிட்டால் பாடகர் இன்னுமொரு சங்கதி போடுவார். ஒருவர் ‘ஒன்ஸ்மோர்’ என்று கூவினால் இறந்து கிடந்தவனும் எழுந்து பாடிவிட்டு மறுபடி இறக்க நேரிடும். இது ஒழுங்கா என்று கேட்டால், ஒழுங்கன்று. ஆனால் அது இன்பம். ஆகவே ஊர் கூட்டிச் செல்பவர் வெறும் தலைகளை எண்ணிக் கொண்டுபோய் இறக்குபவர் அல்லர். அன்றைய நாடகத்தின் ஒரு பாதியை வண்டியிலே ஏற்றிச் செல்பவர் அவரே.

குழுவுக்கும் அவர் வேண்டப்படுகின்றவர். சீட்டு விற்று நடத்தும் நாடகமாயின், முதற் சீட்டு விற்குமுன்பே கொட்டகை வாடகையும் விளக்குச் செலவும் பக்கவாத்தியக்காரர் கூலியும் குழுவின் தலையில் ஏறிவிடுகின்றன. மழை வருமோ, பக்கத்தூரில் திருவிழா வந்துவிடுமோ என்று அஞ்சிக்கொண்டிருக்கும் அவர்களிடம், “ஐம்பது பேர் வருகின்றோம், காசு இதோ” என்று முற்கூட்டியே ஒருவர் கொண்டுவந்து கொடுப்பாராயின் அது பெரிய ஆறுதல். பணவிடயத்தில் இப்பொழுதுபோக்கு மிகவும் கறாரானது. வண்டிக்காரனுக்குப் பத்துப்பேர் ஏறினாலும் ஆறுபேர் ஏறினாலும் கூலி ஒன்றே. வருவேன் என்று பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நாளிலே தடிமன் என்று நின்றுவிடுபவர் இருவர் இருந்தால் அந்த நட்டம் கொப்பிக்காரருடையது. ஆதலால் காசு கொடுத்தவரின் பெயரையே எழுதவேண்டும். இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. காசில்லாத ஒருத்தியின் பெயருக்கு நேரே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிவிட்டு அதைப்பற்றி வாய் திறவாதிருப்பது.

பெண்களையும் முதியவர்களையும் பற்றிச் சிறிது கூறவேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகத்துக்குத் தனியே போய்வர ஆண்களால் முடியும். மூன்று பிள்ளைகளின் தாயால் முடியாது, கைம்பெண்ணாலும் முடியாது, கண் மங்கிய கிழவராலும் முடியாது. வீட்டிலுள்ளோர் அவர்களை அனுப்புவது நாடகத்தை நம்பியன்று, கூட்டிச் செல்பவரை நம்பியே. ஆதலின் இப்பொழுதுபோக்குக்கு வேண்டிய முதற் பொருள் வண்டியுமன்று, காசுமன்று, நல்ல பெயர்.

எல்லாவற்றிலும் கடினமான பகுதி இனித்தான் வருகின்றது. கொப்பியிலே யாருடைய பெயர் எழுதப்படுகின்றது, யாருடைய பெயர் விடப்படுகின்றது? “வண்டியில் இடமில்லை” என்ற சொல் யாழ்ப்பாணத்திலே எப்பொழுதும் வண்டியைப் பற்றியதாக இருந்ததில்லை. ஒரு வண்டியில் யாரோடு யார் ஏறுவது, யாருடைய பாயில் யார் அமர்வது என்பனவெல்லாம் பிறப்பைக் கொண்டு தீர்க்கப்பட்ட காலம் வெகு தூரத்தில் இல்லை. 1968ஆம் ஆண்டில்கூட மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலே உள்ளே விடு, விடமாட்டோம் என்ற போராட்டம் நடந்தது. இசை நாடக மேடையை வாழவைத்த கலைஞருள் மிகப்பலரோ அவ்வாறு ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களிடையே பிறந்தவர்கள். மேடையில் முடி தரித்து நின்றபோது ஊரே அவர்களை மன்னன் என்று நோக்கியது. விடிந்தபின் அதே ஊர் வேறு கண்ணால் நோக்கியது.

மயான காண்டத்தின் பொருளே இதுதானே. நாடாண்ட அரிச்சந்திரன் சுடலைகாக்கும் வீரவாகுவுக்கு அடிமையாகிறான். வெட்டியானாகக் கோலேந்தி நின்று, பெற்ற பிள்ளையின் பிணத்தைக் கொண்டுவந்த மனைவியிடமே சுடலைக் கூலி கேட்கிறான். அக்காட்சியிலே கண்ணீர் சிந்தாதவர் இல்லை. பறை அடிப்பவரும் பாடை கட்டுபவரும் குடியிருக்கும் தெருவுக்கு நாடகச் செய்தியைச் சொல்லாமலே சென்று அந்தக் கண்ணீரைச் சிந்தியவர்களும் அவர்களிடையே இருந்தனர். இந்த முரணை எந்தப் புலவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொப்பியைக் கையில் வைத்திருப்பவருக்கு அது தெரியும். எல்லாத் தெருவுக்கும் சென்று பெயர் கேட்பவர், “அவர்கள் வந்தால் நாங்கள் வரமாட்டோம்” என்ற சொல்லையும் கேட்க நேரிடும். அப்போது இரண்டு வழிகள் அவர்முன் நிற்கும். ஒன்று, அமைதியாகப் பட்டியலைச் சுருக்கிக்கொள்வது. மற்றது, வரமாட்டோம் என்றவர்களின் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு புறப்படுவது. இரண்டாவது வழியிலே சென்றால் அம்முறை வண்டிகளில் இடம் மிஞ்சலாம். ஆனால் நல்லதொரு நாடகத்தைப் பார்க்காமல் வீட்டில் வீம்போடு இருப்பது இலேசான காரியமன்று.

ஏனைய ஆயத்தங்கள் எளியவை. புற்பாய், பிள்ளைகளுக்குப் போர்வை, கட்டுச்சோறு, சுடுதண்ணீர்ப் போத்தலில் கோப்பி, இடையிலே கொறிக்கக் கச்சான். கோயில் வீதியில் நடக்கும் நாடகமானால் சீட்டு இல்லை. பொழுதுபடுமுன்னரே இரண்டு பொடியன்களை அனுப்பிப் பாய்விரித்து இடம்பிடிக்க வேண்டும். கதை தெரியாத இளையவர்களுக்குப் போகும் வழியிலே கதையைச் சொல்லிவிடுவது நல்லது. இசை நாடகத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பது மறைபொருளன்று; அதை எப்படிப் பாடப் போகின்றார் என்பதே மறைபொருள். நடிகரோடு சேர்ந்து எல்லாப் பாட்டையும் தாமும் உரத்துப் பாடும் வழக்கமுடைய ஒருவர் எக்கூட்டத்திலும் இருப்பார். அவரைப் பாயின் ஓரத்தில் அமர்த்துவதே அறிவுடைமை. நித்திரையான பிள்ளைகளை எந்தக் கட்டத்தில் எழுப்புவது என்பதையும் முன்னரே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பபூன் வரும்போது எழுப்பினால் போதும் என்பார் சிலர். சந்திரமதி புலம்பும்போது எழுப்பாவிட்டால் பிற்காலத்தில் பிள்ளைகள் குறை சொல்வார்கள் என்பதே அனுபவசாலிகள் கருத்து.

வைரமுத்து 1989இல் காலமானார். அடுத்த ஆண்டில் காங்கேசன்துறையும் அயற்கிராமங்களும் போரினால் வெறுமையாகி, மக்கள் நெடுங்காலம் திரும்பமுடியாதபடி இடம்பெயர்ந்தனர். இரவிலே வீதியில் இறங்கவே அஞ்சிய ஆண்டுகளில், விடிய விடிய நாடகம் பார்ப்பது எங்ஙனம்? அக்காலத்தில் வளர்ந்த தலைமுறையினர் இரவு நாடகத்தைப் பெரியோர் வாய்மொழியாகவே அறிவார்கள். 2009இல் போர் ஓய்ந்தது. இன்று இசை நாடகம் பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சுருங்கி, மின்விளக்கிட்ட மண்டபங்களிலும் கோயில் விழாக்களிலும் நடைபெறுகின்றது. திருக்கல் வண்டியின் இடத்துக்கு வான் வந்துவிட்டது. கொப்பியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. வேலையென்னவோ பழைய வேலைதான். ஒரு வானில் பதினான்கு பேர் என்றால் அந்தப் பதினான்கு பேர் யார் என்று ஒருவர் தீர்மானித்தே ஆகவேண்டும். பாட்டைப் பாடியாகவே கேட்டறியாத பிள்ளைகள் நால்வரும், முன்பு வைரமுத்துவைப் பார்த்த முதியவர் ஒருவரும் ஒரே வானில் அமரும்படி பார்த்துக்கொள்பவர் கெட்டிக்காரர். முதியவர், “இது என்ன பாட்டு, அந்தக் காலத்திலே…” என்று தொடங்குவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு கேட்பார்கள்.

திரும்பும் வழியில் நடப்பதே இப்பொழுதுபோக்கின் தனிச்சுவை. பெண் வேடம் கட்டியவரின் குரல் உச்சியில் பிசிறியதா இல்லையா என்று இருவர் வாதிடுவர். மத்தளக்காரர் அவசரப்பட்டார் என்பார் மூன்றாமவர். பின்னாலிருந்து ஓர் ஆச்சி, வாழ்நாளிலே ஒருபோதும் பிறர் கேட்கப் பாடியறியாதவள், சந்திரமதியின் புலம்பலை மெல்ல முனகிக்கொண்டு வருவாள். வாதம் தானாக நின்றுவிடும். கொப்பிக்காரர் அந்நேரத்தில் வாயிலோரம் அமர்ந்து, ஏறியவர்களையெல்லாம் ஏற்றிவந்தோமா என்று மறுபடியும் எண்ணிக்கொண்டிருப்பார். மறுநாள் கணக்குப் பார்க்கும்போது அவருக்குச் சில ரூபா குறையும். கச்சானுக்குக் கொடுத்ததை எழுத மறந்திருப்பார்.